டிரான்ஸ்மிட்டரை அணைத்தது யாரைக் கேட்டு?

குந்தா சீமையின் சிறு விவசாயப் பெருமக்களே! தாய்மார்களே! இளைஞர்களே!

கொழுந்து விலையைப் பற்றிப் பேச வேண்டிய நோட்டீசில் டி.வி.யைப் பற்றி எதுக்கு எழுதுறீங்கன்னு சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கிலோவுக்கு நியாய விலை கேட்டு 2023-ல் இந்த மாவட்டம் முழுக்க உண்ணாவிரதம் உட்கார்ந்த ஜனம் நாம். நமக்கு சீரியலா முக்கியம்?

சீரியல் முக்கியம் இல்லை. ஆனால் நம்ம வீட்டுக்குள்ள எந்தச் செய்தி வரணும், எது வரக்கூடாது, எந்த நம்பர்ல வரணும், எப்போ நிக்கணும் என்பதை எங்கேயோ உட்கார்ந்து யாரோ முடிவு பண்ணுகிறார்கள். இலைக்கு விலை வைக்கிறதும் அப்படித்தான் நடக்கிறது. ரெண்டும் ஒரே நோய். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

துருப்பிடித்த ஆன்டெனா

மஞ்சூர், எடக்காடு, பிக்கட்டி, கிண்ணக்கொரை எந்தப் பக்கம் போனாலும் பழைய வீட்டுக் கூரை மேல ஒரு ஆன்டெனா இன்னும் நிற்பதைப் பார்க்கலாம். மீன் முள் மாதிரி, பாதி ஒடிஞ்சு, துருப்பிடித்து. அந்தக் காலத்தில் அதைத் திருப்பி நிறுத்தவே வீட்டுக்கு ஒரு ஆள் வேணும். மேலே ஒருத்தன் பிடிச்சுத் திருப்புவான், "வருதா? வருதா?" என்று கேட்பான். உள்ளே இருந்து, "வந்துச்சு, கைய எடுக்காதே!" என்று பதில் வரும். பள்ளத்தில் இருக்கிற வீட்டுக்கு மேட்டில் கம்பம் நட்டு, பூஸ்டர் வைத்து, நூறு இருநூறு அடிக்கு ஒயர் இழுத்தவர்களும் உண்டு. புள்ளி புள்ளியாகத்தான் படம் தெரியும். ஆனால் மாசாமாசம் யாருக்கும் ஒரு பைசா கட்டியது இல்லை.

அந்தப் படம் எங்கிருந்து வந்தது? தூர்தர்ஷன் டிரான்ஸ்மிட்டரில் இருந்து வந்தது. சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. 1984 வாக்கில் நாட்டில் நாளுக்கு ஒரு டிரான்ஸ்மிட்டர் என்ற வேகத்தில் ஊர் ஊராகக் கோபுரம் எழுந்தது. எல்லாம் மக்கள் வரிப்பணம். இந்த நாட்டில் டி.வி.யை கிராமத்துக்குக் கொண்டு போனதே விவசாயி பேரைச் சொல்லித்தான். 1967 ஜனவரி 26-ல் டெல்லியைச் சுற்றியிருந்த கிராமங்களுக்கு 'கிரிஷி தர்ஷன்' என்ற விவசாய நிகழ்ச்சியை ஆரம்பித்தார்கள். 1975 ஆகஸ்டில் இருந்து ஒரு வருஷம் அமெரிக்க செயற்கைக்கோளை இரவல் வாங்கி, ஆறு மாநிலத்தில் 2,400 கிராமங்களுக்கு விவசாயமும் சுகாதாரமும் காட்டினார்கள். தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. ஆனாலும் எண்ணம் என்ன? கடைசி கிராமத்து விவசாயிக்குச் செய்தி போய்ச் சேரணும் என்பதுதான்.

சரி, அந்த டிரான்ஸ்மிட்டர்கள் என்ன ஆச்சு? 2018 தொடங்கி கட்டம் கட்டமாக அணைத்தார்கள். 2022 மார்ச் முடிவுக்குள், எல்லைப் பகுதி போன்ற முக்கிய இடங்களில் சுமார் 50-ஐ மட்டும் வைத்துக்கொண்டு, நாடு முழுக்க மற்ற பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை மூடுவதாகப் பிரசார் பாரதி அறிவித்து, முடித்தது. பழைய தொழில்நுட்பம், கரண்ட் செலவு அதிகம், பார்க்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள், அந்த அலைவரிசை வேறு வேலைக்குத் தேவை என்றெல்லாம் காரணம் சொன்னார்கள்.

காரணத்தை நாம் மறுக்கவில்லை. அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு பல்பு வேண்டாம் என்று சொல்லும் கூட்டம் அல்ல நாம். மாத வாடகை இல்லாத தூர்தர்ஷனின் இலவச டிஷ் 2004 டிசம்பரில் இருந்தே இருக்கிறது. ஒரு தடவை டிஷ்ஷும் பெட்டியும் வாங்கினால் போதும். நல்ல திட்டம். நம்ம கேள்வி வேறு. அணைக்கும் முன்னே நம்ம அட்டியில் வந்து ஒரு வார்த்தை சொன்னார்களா? கிராம சபையில் ஒரு தாள் வாசித்தார்களா? இந்தத் தேதியில் நிற்கும், இதற்குப் பதில் இது வரும், முடியாதவர்களுக்கு இன்ன உதவி உண்டு என்று பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில் ஒரு நோட்டீசாவது ஒட்டினார்களா? என் கண்ணில் படவில்லை. உங்கள் கண்ணில் பட்டிருந்தால் சொல்லுங்கள்.

மற்ற நாட்டில் எப்படிச் செய்தார்கள்?

இங்கிலாந்தில் இதே மாற்றத்தை 2007-ல் வைட்ஹேவன் என்ற சின்ன ஊரில் ஆரம்பித்து, பகுதி பகுதியாக 2012 வரை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் முன்கூட்டியே தேதி சொன்னார்கள். 75 வயது தாண்டியவர்களுக்கும் உடல் ஊனமுற்றோருக்கும் வீட்டுக்கே வந்து பெட்டியை மாட்டிக் கொடுக்கத் தனித் திட்டம் போட்டார்கள். அமெரிக்காவில் பெட்டி வாங்க 40 டாலர் கூப்பன், ஒரு வீட்டுக்கு ரெண்டு வரை கொடுத்தார்கள். அப்படியும் ஜனங்கள் தயாராகவில்லை என்று 2009 பிப்ரவரியில் அணைக்க வேண்டியதை ஜூன் மாசத்துக்குத் தள்ளி வைத்தார்கள்.

அவர்கள் பணக்கார நாடு என்பீர்கள். தேதி சொல்லப் பணம் வேண்டுமா? தண்டோரா போட டாலர் வேண்டுமா?

நம்ம நாட்டிலேயே யோசனை சொல்லாமல் இல்லை. டிராய் என்ற ஒழுங்குமுறை ஆணையம் 2017 ஜனவரியில் ஒரு பரிந்துரை கொடுத்தது. தரைவழி டி.வி.யை டிஜிட்டலாக மாற்றுங்கள், பழையதும் புதியதும் கொஞ்ச காலம் சேர்ந்தே ஓடட்டும், அப்புறம் பழையதை நிறுத்துங்கள், கடைசிக் கட்டம் 2023-க்குள் முடியட்டும் என்றது. நடந்தது என்ன? புது டிஜிட்டல் டிரான்ஸ்மிட்டர் சென்னை மாதிரிப் பெரிய நகரங்களோடு நின்றது. கிராமத்துக்குப் பழசும் போச்சு, புதுசும் வரவில்லை. ஆகாயத்தைப் பார்த்து டிஷ் மாட்டிக்கொள் என்று விட்டுவிட்டார்கள்.

மழையில் செத்துப்போகும் டிஷ்

சமவெளிக்காரனுக்கு டிஷ் போதும். நமக்குப் போதுமா? யோசித்துப் பாருங்கள்.

2019 ஆகஸ்ட் மாசத்தை மறந்திருக்க மாட்டீர்கள். நம்ம அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. சென்னையில் ஒரு வருஷம் பூராவும் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் நமக்கு ஒரே நாளில் பெய்தது. அந்த நேரத்தில் எங்கே மண் சரிந்தது, எந்த ரோடு போச்சு, எந்த அணையைத் திறக்கிறார்கள், கெத்தைப் பக்கம் போகலாமா கூடாதா என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டும். என் வீட்டில் டி.வி.யைப் போட்டால் நீல நிறத்தில் 'சிக்னல் இல்லை' என்று எழுத்து மட்டும் நின்றது. அப்புறம் கரண்டும் போச்சு. அடுத்தது செல்போன் டவர்.

இது ஒரு கம்பெனியின் குற்றம் இல்லை. எந்த டிஷ்ஷானாலும் இதே கதைதான். செயற்கைக்கோளில் இருந்து டிஷ்ஷுக்கு வருகிற அலையின் நீளம் சுமார் ரெண்டரை சென்டிமீட்டர்தான். கனமழையில் மழைத்துளிகளே அதைக் குடித்துவிடும். பழைய டிரான்ஸ்மிட்டர் அலை ஒரு முழத்துக்கும் மேல் நீளம். மழை அதை அவ்வளவாகத் தொடாது. புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும் மழையிலும் தெரிந்தது. அதாவது, வெயில் நாளில் நல்லா வேலை செய்து, எச்சரிக்கை வேண்டிய அன்றைக்குச் செத்துப் போகிற சாதனத்தை மட்டும் மழைக்காட்டு ஜனத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள்!

2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண்சரிவில் 40-க்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். 2024 ஜூலையில் பக்கத்து வயநாட்டில் ராத்திரியோடு ராத்திரியாக ஊரே மண்ணுக்குள் போனதைப் பார்த்தோம். மலையில் வாழ்கிறவனுக்குச் செய்தி என்பது பொழுதுபோக்கு இல்லை, உயிர்!

கரண்ட் போனால் எந்த டி.வி.யும் ஓடாதே என்று கேட்கலாம். சரிதான். அதனால்தான் டி.வி.யோடு ரேடியோவையும் சேர்த்துக் கேட்கிறோம். பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ரேடியோ, டவர் செத்த பிறகும் பேசும். ஊட்டியில் அகில இந்திய வானொலி நிலையம் இருக்கிறது. ஆனால் அதன் சத்தம் நம்ம பள்ளத்து அட்டி எத்தனைக்கு வந்து சேர்கிறது? யார் வந்து அளந்து பார்த்தார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குந்தா மின் திட்டத்தின் முதல் மின் நிலையம் 1960-ல் ஓடத் தொடங்கியது. கனடா நாட்டு உதவியோடு கட்டியது. நம்ம மழை, நம்ம ஆறு, நம்ம பள்ளம். அந்தக் கரண்ட் சமவெளி முழுக்க டி.வி. ஓட்டுகிறது. மழை பெய்தால் அணைக்குள் வரும் தண்ணியை மணிக்கு மணி அளக்கிறார்கள். அதே மழையில் இருட்டில் உட்கார்ந்திருக்கிற நமக்கு ஒரு செய்தி சொல்ல வழி வைக்கவில்லை.

கேபிளில் என்ன கூத்து?

கேபிளுக்கு வருவோம். 2011-ல் அரசு கேபிள் மாசம் 70 ரூபாய் என்று வந்தபோது ஏழை வீட்டுக்கு அது பெரிய ஆறுதல். 2017-ல் டிஜிட்டல் பெட்டி வந்தது. 2019 பிப்ரவரியில் டிராயின் புதுக் கட்டண முறை வந்தது. இலவச சேனல் 100-க்கு 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு. காசு சேனல் வேண்டுமென்றால் அதற்கு மேல். கொழுந்து கிலோ 20 ரூபாய்க்குப் போனால், 153 ரூபாய்க்கு ஏறக்குறைய எட்டு கிலோ இலை எடுக்கணும். 2024 ஜூலையில் அந்த 130 ரூபாய் உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். அடிப்படைக் கட்டணம் எவ்வளவு என்பதை இப்போது சேவை தருகிறவரே வைத்துக்கொள்ளலாம். இலைக்கு விலை வைக்க நமக்கு உரிமை இல்லை. நமக்கு விற்கிறவருக்கு மட்டும் உரிமை!

பணத்தை விடுங்கள். சேனல் நம்பர் கதையைக் கேளுங்கள். எங்க வீட்டுப் பெரியம்மாவுக்கு எழுத்து வாசிக்க வராது. ரிமோட்டில் மூணு நம்பரை மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார்கள். அதுதான் அவங்க செய்தி, அவங்க வானிலை. ஒரு நாள் காலையில் அந்த நம்பரை அழுத்தினால் ஏதோ பொருள் விற்கிற சேனல் வருது. "டி.வி. கெட்டுப் போச்சு" என்று நாலு நாள் அணைத்தே வைத்துவிட்டார்கள். டி.வி. கெடவில்லை. ராத்திரியில் யாரோ நம்பரை மாற்றிவிட்டார்கள்.

இதற்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது! 2017-ல் டிராய் போட்ட விதி என்ன சொல்கிறது? ஒரு சேனலுக்குக் கொடுத்த நம்பரைக் குறைந்தது ஒரு வருஷத்துக்கு மாற்றக் கூடாது. 2020-ல் திருத்தம் கொண்டுவந்து, டிராயின் முன் அனுமதி இல்லாமல் மாற்றக் கூடாது என்றும் சேர்த்தார்கள். ஆனால் அந்த விதி எதற்காக வந்தது? சேனல் கம்பெனிக்கும் கேபிள் கம்பெனிக்கும் நடுவில் சண்டை வராமல் இருக்கத்தான். ஒரு சேனலை 20-ல் இருந்து 420-க்குத் தள்ளினால் அவர்கள் விளம்பர வருமானம் போய்விடும். அவர்களுக்கு டெல்லியில் வக்கீல் இருக்கிறார். பெரியம்மாவுக்கு யார் இருக்கிறார்கள்?

1995-ஆம் வருஷத்து கேபிள் சட்டத்திலேயே தூர்தர்ஷன் சேனல்களைக் கேபிளில் கட்டாயம் காட்டணும் என்று 8-ஆவது பிரிவு இருக்கிறது. கட்டாயம் காட்டுகிறார்கள், சரி. எந்த மூலையில் என்று யார் கேட்பது? இதற்கு நடுவில் பெயரையும் மாற்றுகிறார்கள். பொதிகை என்று நாம் பழகிய சேனல் 2024 ஜனவரியில் டி.டி. தமிழ் ஆனது. விவசாயிக்கென்றே 2015 மே 26-ல் டி.டி. கிசான் என்று 24 மணி நேர சேனல் ஆரம்பித்தார்கள். அது பெரும்பாலும் இந்தியில் பேசுகிறது. தேயிலைக்குக் கொப்புளநோய் வந்தால் இந்தியில் மருந்து சொன்னால் நமக்கு எப்படிப் புரியும்?

பெட்டியே நின்றுபோனதும் உண்டு. 2022 நவம்பரில் அரசு கேபிளின் மென்பொருள் கம்பெனியோடு வந்த தகராறில் மாநிலம் முழுக்க லட்சக்கணக்கான பெட்டிகள் இருண்டன. கூரை மேல ஏறி ஆன்டெனாவைத் திருப்பிய காலத்தில் கோளாறு நம்ம கையில் இருந்தது. இப்போது சாவி எங்கேயோ ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிறது. அணைத்தால் கேட்க ஆள் இல்லை.

உள்ளூர் சேனல் யாருக்கு?

கேபிளில் உள்ளூர் சேனல் என்று ஒன்று ஓடுவதைப் பார்க்கிறோம். சினிமா பாட்டு, நகைக்கடை விளம்பரம், திருவிழா, மறுபடி பாட்டு. 2022 நவம்பரில் மத்திய அரசு இதற்கும் வழிமுறை கொண்டுவந்தது. உள்ளூர் சேனலுக்கு ஒன்றுக்கு 1,000 ரூபாய் கட்டிப் பதிவு செய்யணும், மொத்த சேனலில் 5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி. பணம், கணக்கு, சதவீதம் எல்லாம் இருக்கிறது. அந்த ஊர் ஜனத்துக்கு என்ன காட்டணும் என்று ஒரு வரி கூட நம்மைக் கேட்டு எழுதவில்லை.

நமக்கு வேண்டியது என்ன? பச்சைத் தேயிலைக்கு மாசாமாசம் தேயிலை வாரியம் குறைந்தபட்ச விலை அறிவிக்கிறது. ஏலத்தில் தூள் விற்ற பணத்தில் 65 பங்கு விவசாயிக்கு, 35 பங்கு பாக்டரிக்கு என்ற கணக்கில் வருவது அது. அந்த விலை நம்மில் எத்தனை பேருக்குத் தேதியோடு தெரியும்? பாக்டரியில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருகிறோம். குன்னூர் ஏலத்தில் இந்த வாரம் தூள் என்ன விலைக்குப் போச்சு, இந்த மாசம் நமக்கு வர வேண்டியது எவ்வளவு என்று டி.வி. அடியில் ஒரு வரி ஓடட்டும். பாக்டரி வாசலில் நின்று, "வாரியம் சொன்ன விலை இது, நீ கொடுத்தது இது" என்று கணக்குக் கேட்க வாய் வரும். செய்தி தெரிந்தவனை ஏமாற்றுவது கஷ்டம். அதனால்தான் இது விலைப் போராட்டத்தில் ஒரு பாகம் என்கிறோம்.

நம்ம தப்பும் உண்டு

உள்ளதைச் சொல்வோம். டிரான்ஸ்மிட்டர் நின்றபோது நாமும் கேட்கவில்லை. கேபிள் வந்தது, டிஷ் வந்தது, போனில் படம் வந்தது, அப்படியே விட்டுவிட்டோம். வசதி இருக்கிறவன் வேறு வழி பார்த்துக்கொண்டான். பள்ளத்தில் இருக்கிற பழங்குடி வீடும், கூலிக்குப் போகிற வீடும், தனியா இருக்கிற வயசானவங்களும்தான் விடுபட்டார்கள். தொலைதூர, பழங்குடி, எல்லைப் பகுதிகளுக்கு 8 லட்சம் இலவச டிஷ் பெட்டி கொடுக்கும் திட்டத்தை 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டது. 2025-26 வரைக்கும் திட்டம் என்றார்கள். அதில் குந்தா தாலுகாவுக்கு எத்தனை வந்தது? எந்த வீட்டில் இருக்கிறது? கேட்கிற உரிமை நமக்கு உண்டு. தகவல் உரிமைச் சட்டம் 2005-ல் இருந்து இருக்கிறது. ஒரு தாள், பத்து ரூபாய். எழுதிப் போடுவோம்.

பிரசார் பாரதிச் சட்டத்திலேயே விவசாயத்துக்கும் கிராம முன்னேற்றத்துக்கும் தனிக் கவனம் கொடுக்கணும் என்று கடமை எழுதியிருக்கிறது. நாம் சலுகை கேட்கவில்லை. எழுதி வைத்ததைச் செய் என்கிறோம்.

நமது கோரிக்கைகள்

1. டிரான்ஸ்மிட்டரோ சேனலோ நிறுத்துவதற்கும், நம்பர் மாற்றுவதற்கும் முன்னால் தமிழில் அறிவிப்பு வேண்டும். திரையிலும் ஓடணும், பஞ்சாயத்து அலுவலகத்திலும் ஒட்டணும், கிராம சபையிலும் வாசிக்கணும்.

2. செய்தி, வானிலை, விவசாயம் காட்டும் அரசு சேனல்களுக்கு மாறாத நம்பர் வேண்டும். எந்தக் கேபிளானாலும் அதே நம்பர்.

3. மழைக்காலத்தில் கனமழையிலும் கேட்கும்படி ஊட்டி வானொலி எல்லா அட்டிக்கும் வந்து சேர்கிறதா என்று ஊர் ஊராக அளக்கணும். வராத பள்ளத்துக்குச் சின்ன டிரான்ஸ்மிட்டர் வைக்கணும். மண்சரிவு, அணை திறப்பு எச்சரிக்கை அதில் உடனுக்குடன் சொல்லணும்.

4. உள்ளூர் சேனல்களில் தினமும் பச்சைத் தேயிலை விலையும், ஏல விவரமும், வானிலையும் கட்டாயம் ஓடணும்.

5. டி.டி. கிசானில் தமிழ் நேரம் வேண்டும். அதில் மலை விவசாயத்துக்கு இடம் வேண்டும்.

6. இலவச டிஷ் பெட்டி குந்தா தாலுகாவில் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்ற பட்டியலை வெளியிடணும். விடுபட்ட பழங்குடி, முதியோர் வீடுகளுக்குக் கொடுக்கணும்.

விவசாயப் பெருமக்களே! வரும் கிராம சபைக்கு ஒவ்வொரு வீட்டில் இருந்தும் ஒரு ஆள் வாருங்கள். இந்த ஆறு கோரிக்கையையும் தீர்மானமாக எழுதி, கையெழுத்துப் போட்டு, நகல் வாங்கிக்கொண்டு வருவோம். ஒரு அட்டி கேட்டால் காதில் விழாது. சீமையே சேர்ந்து கேட்டால் சென்னையிலும் டெல்லியிலும் விழும்.

கேட்காமல் அணைத்தார்கள். இனி கேட்காமல் அணைக்க விடமாட்டோம்!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!